ஓடினால் ஆடுகிற எடை: தீவன மில்லில் ஷீல்டு மோட்டார் கேபிள் போட்டுப் பார்த்ததில்

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழித் தீவன மில்களுக்கு மின் பேனல் கட்டுவதும், பழைய பேனல்களைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். அண்மையில் ஒரு மில்லில் கன்வேயர் மோட்டார்களின் கேபிள்களை மாற்றினோம். லாப் கம்பெனியின் ஓல்ஃப்ளெக்ஸ் சர்வோ 2ஒய்எஸ்எல்சிஒய்-ஜேபி என்ற ஷீல்டு கேபிள் (உள்கம்பிகளைச் சுற்றி உலோக உறை உள்ளது), அதே கம்பெனியின் ஸ்கின்டாப் எம்எஸ்-எம் பிரஷ் கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளையில் அதைப் பிடிக்கும் உறுப்பு), பேனலுக்குள் ஷீல்டைப் பிடிக்கிற உலோகக் கிளாம்ப் ஆகிய மூன்றையும் சேர்த்துப் போட்டோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் காசிலும் மில்காரர் காசிலும் வாங்கியவை. யாரும் சும்மா கொடுக்கவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஎஃப்டி டிரைவில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியில்) ஓடும் மோட்டாருக்கு இந்தக் கேபிள் போட்ட காசுக்குத் தகுந்த வேலை செய்கிறது. ஆனால் கேபிளை மட்டும் வாங்கிவந்து, முனையைப் பழைய முறையிலேயே கட்டினால் அத்தனையும் வீண். வேலையில் முக்கால்வாசி கிளாண்டிலும் கிளாம்பிலும்தான் இருக்கிறது.

அந்த மில்லில் முட்டைக் கோழிக்கான தீவனம் ஓடுகிறது. ஒரு பேட்ச் ஒரு டன். பெரிய ஹாப்பரில் (எடைபோடும் தொட்டியில்) மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கல்தூள் விழும். சின்ன ஹாப்பரில் உப்பு, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) போன்றவை. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்க்ரூ கன்வேயர் கொண்டுவந்து கொட்டும். முன்பு இந்த 5 எச்பி மோட்டார்கள் எல்லாம் கான்டாக்டரில், அதாவது ஒரே வேகத்தில் ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச்சில் ஓடின. கடைசிக் கிலோக்களை மெதுவாகக் கொட்டினால் எடை துல்லியமாக இருக்கும் என்று டிரைவ் போட்டார்கள். யோசனை சரியானதுதான். ஆனால் அன்றிலிருந்து எடை நிலைகொள்ளவில்லை. ஆபரேட்டர் என்னிடம் சொன்னது இது: "ஏனுங்கண்ணா, கன்வேயர் நின்னா எடை அசையாம நிக்குதுங்க. ஓடுனா ஆடுதுங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் பழுதைச் சொல்ல முடியாது. லோடு செல் (எடையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) கெட்டிருந்தால் நிற்கும்போதும் ஆடும். ஓடும்போது மட்டும் ஆடினால் இரண்டு காரணங்கள்தான்: ஒன்று அதிர்வு, இல்லாவிட்டால் மின் நாய்ஸ், அதாவது சிக்னலில் கலக்கும் மின் இரைச்சல். பிரித்தறிய எளிய வழி உண்டு. டிரைவுக்கு ரன் கொடுத்து 1 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் மிக மெதுவாகத்தான் சுழலும், அதிர்வு அநேகமாக இருக்காது. ஆனால் டிரைவின் உள்ளே ஸ்விட்ச்சிங் முழு வீச்சில் நடந்துகொண்டிருக்கும். அப்போதும் எடை ஆடினால் அது நாய்ஸ். அங்கே பெரிய ஹாப்பரில் எட்டு, பத்து கிலோ வரை எண் குதித்தது.

பத்து கிலோ என்றால் ஏதோ பெரிய மின்சாரம் உள்ளே புகுந்துவிட்டது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். லோடு செல் 2 மில்லிவோல்ட் பர் வோல்ட் வகை. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் அதற்குக் கொடுப்பது 5 வோல்ட். ஆக, முழு எடைக்குக் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். பெரிய ஹாப்பருக்கு நான்கு 500 கிலோ லோடு செல்கள், மொத்தம் 2000 கிலோ. அப்படியானால் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோவோல்ட். சின்ன ஹாப்பர் மொத்தம் 200 கிலோ தாங்குவது. அங்கே கிலோவுக்கு 50 மைக்ரோவோல்ட். இண்டிகேட்டருக்குள் 50 மைக்ரோவோல்ட் அளவுக்குக் குப்பை சேர்ந்தால் போதும், பெரிய ஹாப்பரில் பத்து கிலோ பிசகும், சின்னதில் ஒரு கிலோ பிசகும். முட்டைக் கோழித் தீவனத்தில் உப்பு டன்னுக்கு மூன்று கிலோ வாக்கில்தான் போகும். அதில் ஒரு கிலோ கூடிப்போனால் கோழி தண்ணீரை அதிகம் குடிக்கும், எச்சம் நீர்த்துப் போகும், ஷெட்டில் ஈரமும் ஈயும் சேரும். பண்ணைக்காரர் தீவனத்தைக் குறை சொல்வார். பேனலில் இருக்கிற ஒரு வயர் காரணம் என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலையை நான் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

எனக்கு முன்பு வந்தவர்கள் இரண்டு வைத்தியம் பார்த்திருந்தார்கள். இண்டிகேட்டரில் டிஜிட்டல் ஃபில்டரை உச்சத்துக்கு ஏற்றியிருந்தார்கள். எண் அமைதியானது உண்மை. ஆனால் மெதுவாகவும் ஆகிவிட்டது. ஹாப்பரில் விழுந்த எடை இண்டிகேட்டருக்குத் தெரிவதற்குள் கன்வேயர் இன்னும் கொஞ்சம் கொட்டிவிடும். ஆட்டத்தை மறைத்து, பிழையை உள்ளேயே வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டாவது, புது எர்த் பிட். கரி, உப்பு எல்லாம் போட்டு, தண்ணீர் ஊற்றி, இண்டிகேட்டருக்கும் பிஎல்சிக்கும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) மட்டும் தனி எர்த். இதை நான் பல மில்களில் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதைக்கிறது. எர்த் பிட் ஆள் உயிருக்கும் இடிக்குமான ஏற்பாடு. டிரைவ் நாய்ஸ் இருக்கும் உயர் அலைவரிசையில், இருபது முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் குழிவரை ஓடும் கம்பி ஒரு எர்த்தே இல்லை. அதைவிட ஆபத்து, மற்ற எர்த்தோடு சேராத தனிக் குழி. இடி இறங்கும்போதும் பெரிய ஃபால்ட் வரும்போதும் இரண்டு குழிகளுக்கும் இடையே ஏறும் வோல்டேஜ் முழுவதும் பிஎல்சியின் தலையில்தான் விழும். அந்த மில்லில் முதல் வேலையாக இரண்டு எர்த்தையும் ஒன்றாக இணைத்தேன்.

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால்தான் இந்தக் கேபிளின் விலை நியாயமாகத் தெரியும். 415 வோல்ட் டிரைவின் உள்ளே டிசி பஸ் (ஏசியை டிசியாக மாற்றி வைக்கும் இணைப்பு) 560 முதல் 590 வோல்ட்டில் நிற்கும். அதை ஐஜிபிடிகள் (மின்னணு ஸ்விட்ச்கள்) விநாடிக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டும் சுமார் 0.1 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். அதாவது மைக்ரோசெகண்டுக்கு 5000 வோல்ட்டுக்கு மேல் என்ற வேகம். கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கிற கொஞ்சநஞ்சக் கெபாசிடன்ஸ் (மின்தேக்கும் தன்மை) வழியாக ஒவ்வொரு வெட்டிலும் கரண்ட் கசியும். மோட்டாரின் வைண்டிங்கிலிருந்து பாடிக்கும் கசியும். கசிந்த கரண்ட் மண்ணுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. புறப்பட்ட டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். வாய்க்கால் இல்லாத தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகும். இந்தக் கரண்டும் கேபிள் ட்ரே, ஹாப்பர் ஸ்டாண்டு, லோடு செல் கேபிளின் ஷீல்டு என்று கிடைத்த வழியில் எல்லாம் திரும்புகிறது. போகிற வழியில் மைக்ரோவோல்ட்டில் வாழ்கிற லோடு செல்லைக் கலக்கிவிடுகிறது. மோட்டார் கேபிளின் ஷீல்டு, இந்தக் கரண்டுக்கு நாம் வெட்டிக் கொடுக்கிற நேர்வழி.

இனி கேபிள். வெளித்தோல் ஒளி ஊடுருவும் பிவிசி. உள்ளே இருக்கும் பின்னல் வெளியிலேயே தெரியும். தோலைக் கீறி உரித்தால் முதலில் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல், அதற்கடியில் ஃபாயில். இரட்டை ஷீல்டு. அதற்குள் மூன்று ஃபேஸ், ஒரு பச்சை-மஞ்சள் எர்த். கோர்களின் (உள்கம்பிகளின்) இன்சுலேஷன் பிவிசி இல்லை, பாலிஎத்திலீன். பெயரில் 2ஒய் என்று வருவது அதைத்தான். இது ஆடம்பரத்துக்கு இல்லை. பாலிஎத்திலீனில் கெபாசிடன்ஸ் குறைவு, ஆகவே ஒவ்வொரு வெட்டிலும் கசிகிற கரண்டும் குறைவு. டிரைவுக்கும் சுமை குறைகிறது. பின்னல் நெருக்கமாக இருக்கிறது. கையால் பின்னுக்குத் தள்ளினால் இழை அறாமல் சீராக மடிகிறது. மலிவான சில ஷீல்டு கேபிள்களில் பின்னல் இழையிழையாய் விலகி உள்ளே இருக்கும் கோர் தெரியும். அந்த ஓட்டை வழியாகவே நாய்ஸ் வெளியே வரும்.

கிளாண்ட்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பித்தளை உடம்பு, மேலே நிக்கல் பூச்சு. உள்ளே வட்டமாகக் கடத்தும் இழைகள், பிரஷ் போலவே. கேபிளின் வெளித்தோலைக் கிளாண்டுக்குள் அமரும் இடத்தில் மட்டும் வளையமாக எடுத்துவிட வேண்டும். பின்னலை வெட்டவே வேண்டாம். கேபிளை நுழைத்தால் பிரஷ் எல்லாப் பக்கமும் பின்னலைத் தொட்டுக்கொள்ளும். நட்டை முறுக்கினால் முடிந்தது. பின்னல் அப்படியே தொடர்ந்து உள்ளே போய், டிரைவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளாம்பிலும் அமரும். வேறு வகைக் கிளாண்டுகளில் பின்னலை விரித்து, கோனில் மடித்து, வளையத்தை அமுக்க வேண்டும். ஏணியில் நின்றுகொண்டு செய்யும்போது பாதி இழை வெளியே நிற்கும். இதில் அந்தச் சிரமம் இல்லை. புதிதாக வேலைக்கு வந்த பையனே இரண்டாவது மோட்டாரைத் தனியாக முடித்தான்.

நம் ஊர்ப் பழக்கம் வேறு. ஷீல்டை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து, முறுக்கி, பச்சை ஸ்லீவ் மாட்டி, லக் அடித்து எர்த் பாரில் கட்டிவிடுவோம். பார்க்க நேர்த்தியாக இருக்கும். மல்ட்டிமீட்டரில் பீப் அடிக்கும். ஆனால் பத்து சென்டிமீட்டர் முறுக்குக் கம்பிக்கு இண்டக்டன்ஸ் (கரண்ட் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) சுமார் 0.1 மைக்ரோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது ஆறு ஓம்ஸுக்கு மேல் தடுப்பு கொடுக்கும். மல்ட்டிமீட்டர் பூஜ்யம் காட்டுகிற அதே கம்பி, நாய்ஸுக்குப் பூட்டிய கதவு. ஷீல்டைச் சுற்றிலும் முழு வளையமாகப் பிடிக்கும் கிளாம்புக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. கிளாம்ப் அமரும் இடமும் முக்கியம். பெயின்ட் அடித்த பிளேட்டில் வைத்தால் பயனில்லை. துத்தநாகப் பூச்சுப் பிளேட் நல்லது; இல்லாவிட்டால் அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்துவிட்டு மாட்டுங்கள். கிளாண்ட் பிளேட்டுக்கும் இதே விதிதான்; பவுடர் கோட்டிங்கைக் கடித்துக்கொண்டு அமரும் பல் வைத்த லாக்நட்டைக் கேட்டு வாங்கலாம்.

மோட்டார் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்ய வேண்டும். "ஷீல்டு ஒரு பக்கம்தானே எர்த்?" என்று கேட்பவர்கள் லோடு செல், தெர்மோகப்பிள் பழக்கத்தில் கேட்கிறார்கள். சின்ன சிக்னல் கேபிளுக்கு அது சரி. மோட்டார் கேபிளில் ஷீல்டு என்பது கரண்ட் திரும்பும் பாதை. ஒரு முனை விட்டுப்போனால் பாதையே இல்லை.

இந்த மில்லில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு கன்வேயர் பக்கத்திலும் பாதுகாப்புக்காக ஒரு லோக்கல் ஐசொலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), பிளாஸ்டிக் பெட்டியில். புதுக் கேபிள் போட்ட பிறகு ஆட்டம் வெகுவாகக் குறைந்தது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை. ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து, மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, கேபிள் வழியே நடந்தேன். டிரைவ் நாய்ஸ் இருக்கும் இடத்தில் ரேடியோ கரகரவென்று இரையும். பேனலிலிருந்து கேபிள் ட்ரே முழுவதும் அமைதி. ஐசொலேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் இரைச்சல். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஷீல்டு இரண்டு பக்கமும் அறுந்து நின்றது. நடுவில் ஒரு துண்டு பச்சை வயர் மட்டும். பெட்டிகளை உலோகப் பெட்டியாக மாற்றி, உள்ளே வரும் கேபிளுக்கும் வெளியே போகும் கேபிளுக்கும் இதே பிரஷ் கிளாண்டைப் போட்டதும் அந்த இரைச்சலும் போனது. ஐசொலேட்டர் இருக்கும் இடங்களுக்கு மோட்டார் ஒன்றுக்கு நான்கு கிளாண்ட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கொட்டேஷன்களில் இரண்டுதான் இருக்கும்.

லோடு செல் பக்கமும் சில வேலைகள் செய்தோம். அவற்றுக்குப் பெரிய செலவில்லை. மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் கிடந்த லோடு செல் கேபிளைத் தனி ஜிஐ பைப்பில் ஓட்டி, ஓரடி இடைவெளி விட்டோம். கடந்து போகும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கவைத்தோம். ஒவ்வொரு லோடு செல்லையும் தாண்டி, ஹாப்பரிலிருந்து ஸ்டாண்டுக்கு வளையும் செம்புப் பட்டை கட்டினோம். ஹாப்பரில் யாராவது வெல்டிங் வைத்தாலும் கரண்டில் பெரும்பகுதி லோடு செல்லை விட்டுப் பட்டை வழியாகப் போகும். பேனலில் இருந்த கான்டாக்டர் காயில்களுக்கு ஆர்சி ஸ்னப்பரும், 24 வோல்ட் டிசி ரிலேக்களுக்கு டையோடும் போட்டோம்; காயில் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜை அடக்க.

இப்போது எல்லாக் கன்வேயரும் ஓடும்போதும் எடை ஒரு டிவிஷனுக்குள் நிற்கிறது, அதாவது பெரிய ஹாப்பரில் 200 கிராம். டிஜிட்டல் ஃபில்டரைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டேன். கடைசிக் கொட்டல் வேகமாகவும் துல்லியமாகவும் முடிகிறது.

இனி குறைகள். முதலில் விலை. நாம் வழக்கமாகப் போடும் சாதாரணக் கேபிளைவிடக் கணிசமாக அதிகம். மீட்டர் விலையைக் கேட்டதும் மில்காரர், "தம்பி, இது கேபிளா நகையா?" என்றார். உப்புக் கணக்கைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

அடுத்தது எலி. தீவன மில்லில் எலி இல்லாமல் இருக்காது. இந்தக் கேபிளில் ஆர்மர் (இரும்புக் கவசம்) கிடையாது. எலிப் பல்லுக்குப் பிவிசி தோல் ஒன்றுமே இல்லை. மூடி போட்ட ட்ரேயோ, ஜிஐ பைப்போ, உலோக ஃப்ளெக்சிபிளோ கட்டாயம். அந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளித்தோல் ஒளி ஊடுருவும் பிவிசி என்பதால் வெயிலில் ஓட்ட இது ஏற்றதில்லை. வெளியே சைலோ வரைக்கும் போக வேண்டுமானால் கருப்புத் தோல் உள்ள வகையை வாங்குங்கள். கோர் நிறங்களும் நம் சிவப்பு, மஞ்சள், நீலம் இல்லை; கருப்பு, பழுப்பு, சாம்பல். கருப்பைப் பார்த்ததும் நியூட்ரல் என்று நினைக்கும் பழக்கம் நம் எலக்ட்ரீஷியன்களுக்கு உண்டு. இரண்டு முனையிலும் நிற ஸ்லீவ் மாட்டாமல் விடவே கூடாது. இது உயிர் சமாச்சாரம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஷீல்டு போட்டால் கேபிளிலிருந்து எர்த்துக்குக் கசியும் கரண்ட் ஒழுங்கான பாதையில் போகும், ஆனால் அளவு கூடும். டிரைவுக்கு முன்னால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (எர்த் கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வைத்திருந்தால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகலாம். மிகச் சின்ன டிரைவுக்கு மிக நீளமான ஷீல்டு கேபிள் ஓட்டினால் டிரைவே ஓவர்கரண்ட் காட்டலாம். டிரைவ் மேனுவலில் ஷீல்டு கேபிளுக்கு அதிகபட்ச நீளம் தனியாகக் கொடுத்திருப்பார்கள். வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

எல்லா மோட்டாருக்கும் இது தேவையில்லை. அதே மில்லில் 75 எச்பி ஹேமர் மில் டிரைவ் இல்லாமல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடுகிறது. அதன் கேபிளைத் தொடவே இல்லை. மிக்சருக்கும் அப்படியே. டிரைவில் ஓடுவதற்கு மட்டும் போடுங்கள், செலவு பாதிக்குக் கீழே வந்துவிடும். ஏற்கனவே ஆர்மர்டு கேபிள் ஓடியிருந்தால், அதைப் பிடுங்கும் முன் ஆர்மரை இரண்டு பக்கமும் உலோக டபுள் கம்ப்ரஷன் கிளாண்டில் சரியாகப் பிடித்து எர்த் செய்து பாருங்கள். பின்னல் ஷீல்டு அளவுக்கு வராது. ஆனால் ஓரளவு குறையும். டிரைவின் கேரியர் அலைவரிசையை (ஐஜிபிடிகள் வெட்டும் வேகத்தை) குறைப்பதும் இலவச வைத்தியம். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், தீவன மில்லில் அது யார் காதிலும் விழாது. கோர்த்து மாட்டும் ஃபெரைட் வளையங்களைக் கடைக்காரர்கள் முதலில் நீட்டுவார்கள். மூன்று ஃபேஸையும் சேர்த்து உள்ளே விட்டால் மெகாஹெர்ட்ஸ் பக்கம் உதவும். ஷீல்டுக்கு மாற்று ஆகாது. கேபிளைச் சரிசெய்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் அதற்குக் காசு போடுங்கள். லைன் ஃபில்டர், டிரைவுக்கு வரும் சப்ளைப் பக்கத்துக்கு. இங்கே எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆர்டர் கொடுக்கும்போது கேபிளின் வெளி விட்டத்தைக் கேட்டு, அதற்கேற்ற கிளாண்டை அதே ஆர்டரில் சேர்த்து வாங்குங்கள். கேபிள் முதலில் வந்து கிளாண்ட் பின்னால் வந்தால், காத்திருக்காமல் பிளாஸ்டிக் கிளாண்டைப் போட்டு ஓட்டிவிடுவார்கள். அப்புறம் யாரும் மாற்ற மாட்டார்கள். நாங்கள் போட்டது 2.5 ஸ்கொயர் எம்எம் நான்கு கோர். 5 எச்பிக்கு அது தாராளம். பேனலிலிருந்து மோட்டார்வரை அளந்த நீளத்தோடு இரண்டு மீட்டர் கூடுதலாகச் சொல்லுங்கள். நடுவில் ஜாயின்ட் போட்டால் ஷீல்டும் அங்கேயே அறுந்துபோகும்.